நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஏழு பெயர்கள்

ஒன்பதாம் வகுப்புக் கணக்கு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஏழு பெயர்கள் இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பிறந்த தேதி, பக்கத்தில் ஊதா நிற ஸ்கெட்ச் பேனாவால் வரைந்த ஓர் இதயம். அதற்கும் கீழே, வட்டமும் கோடுமாக நமக்குப் பழக்கமில்லாத எழுத்தில் இரண்டு வரி. அந்த மாணவி ஆங்கிலப் பாடத்தை இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள். "இது என்ன எழுத்தும்மா?" என்று கேட்டேன். "கொரியன் டீச்சர். யூடியூப் பாத்து நானே கத்துக்கிட்டேன். மூணு நாள் ஆச்சு" என்றாள், திட்டு விழுமோ என்ற முகத்தோடு.

அந்த ஏழு பேரும் பி.டி.எஸ். என்ற தென்கொரிய இசைக்குழுவினர். 2013 ஜூன் மாதம் அறிமுகமானவர்கள். அவர்களுடைய ரசிகர்களுக்கு 'ஆர்மி' என்று பெயர். ஊதா அவர்களின் அடையாள நிறம். உங்கள் வகுப்பிலும் ஓரிருவராவது இருப்பார்கள். பென்சில் டப்பாவிலோ தண்ணீர் பாட்டிலிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

2024 ஜனவரியில் வந்த செய்தியை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். எட்டாம் வகுப்பு படிக்கும் மூன்று மாணவிகள் இந்தக் குழுவினரைப் பார்ப்பதற்காக வீட்டை விட்டுக் கிளம்பினார்கள். கையில் சேர்த்துவைத்திருந்த 14,000 ரூபாய். விசாகப்பட்டினம் போய்க் கப்பல் ஏறினால் கொரியா போய்விடலாம் என்பது திட்டம். காட்பாடி ரயில் நிலையத்தில் அவர்கள் மீட்கப்பட்டார்கள். அதைப் படித்த அன்று எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: பிள்ளைகள் கையிலிருந்து போனைப் பிடுங்க வேண்டும். இன்று அப்படித் தோன்றவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்த பிறகு, அந்த மாணவியிடமும் அவளுடைய தோழிகளிடமும் மதிய இடைவேளைகளில் நிறையக் கேட்டேன். தனியாகவும் படித்தேன். இசைக்கு ரசிகராக இருப்பது என்பதே நமக்குத் தெரிந்த பொருளில் இப்போது இல்லை என்று புரிந்தது.

நமக்குத் தெரிந்த பொருள் எது? 1950களின் தொடக்கத்தில், மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி.வி.கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு இடத்தைச் சுருக்கியபோது, ரசிகர்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினார்கள். 1957இல் விவித் பாரதி தொடங்கிய பிறகும் நம் ஊர்களில் இலங்கை வானொலிக்கு மவுசு குறையவில்லை. கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்களை இன்றும் நினைவிலிருந்து பேசிக்காட்டும் அண்ணன்கள் இருக்கிறார்கள். நேயர் விருப்பத்துக்கு அஞ்சலட்டை போட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்து, ஒரு நாள் தன் பெயரும் தன் ஊர்ப் பெயரும் வானொலியில் ஒலிப்பதைக் கேட்பது பெரிய நிகழ்ச்சி. தெருவே அதைப் பற்றிப் பேசும். தியேட்டர் வாசலில் விற்கும் பாட்டுப் புத்தகம், பிறகு கேசட் காலத்தில் பாட்டுகளைப் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிவுசெய்து வாங்கிய கடை என்று எல்லாவற்றிலும் இந்தக் காத்திருப்பு இருந்தது. கேட்டவர் எத்தனை பேர் என்பது யாருக்கும் தெரியாது. கேட்டவரின் பெயர் மட்டும் சில சமயம் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்றைய ரசிகர் மன்றம் தெருமுனையில் இருந்தது. பலகை எழுதுவது, கொடி கட்டுவது, பட வெளியீட்டன்று விடிய விடிய நிற்பது எல்லாம் ஆண்பிள்ளைகளின் வேலை. எங்கள் வீட்டுப் பெண்கள் பாட்டில் சற்றும் குறைந்தவர்கள் அல்ல. அடுப்படியில் வானொலி கேட்டார்கள், பழைய நோட்டில் பாட்டு வரிகளை எழுதிவைத்தார்கள். மன்றத்தில் அவர்களுக்கு இடமில்லை, அவ்வளவுதான். கைபேசி வந்த பிறகு முதன்முறையாக நம் ஊர்ச் சிறுமி ஒருத்தி வீட்டை விட்டு வெளியே போகாமலேயே மன்றத்தில் சேர முடிகிறது. நான் பேசிய மாணவிகளுக்கு இந்தக் குழு ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதற்குப் பாட்டைவிட இதுவே முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன்.

நோட்டின் சொந்தக்காரிக்கு இம்பாலில் ஒரு தோழி இருக்கிறாள். நேரில் பார்த்ததில்லை. மணிப்பூரில் 2000ஆம் ஆண்டில் ஒரு ஆயுதக் குழு இந்திப் படங்களுக்குத் தடை விதித்தது. அந்த இடத்தைக் கொரியப் படங்களும் தொடர்களும் நிரப்பின. ஆகவே கொரிய மோகம் அங்கே நம்மைவிட மூத்தது. இந்த இரண்டு பிள்ளைகளுக்கும் பொதுவான மொழி ஆங்கிலம் மட்டுமே. பாடப்புத்தகத்தில் எழுத்துக்கூட்டுகிறவள் அந்தத் தோழிக்கு ஆங்கிலத்தில் பத்து வரி எழுதுகிறாள். பிழை இருக்கிறது. ஆனால் எழுதுகிறாள். எங்கள் ஆங்கில ஆசிரியை இதைக் கேட்டுவிட்டு, 2018இல் ஐ.நா. தலைமையகத்தில் யுனிசெஃப் நிகழ்ச்சியில் குழுத்தலைவர் ஆர்.எம். ஆங்கிலத்தில் ஆற்றிய உரையைக் கேட்டல் பயிற்சிக்குப் பயன்படுத்தினார். அன்று அந்த வகுப்பில் நிலவிய அமைதியைப் பற்றி அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இந்த ரசிகர் உலகத்தில் பெரும்பகுதி வேலை சம்பளமில்லாமல் நடக்கிறது. குழுவினர் கொரிய மொழியில் பேசும் காணொளி வெளியான சற்று நேரத்திலேயே ரசிகர்கள் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் போடுகிறார்கள். அங்கிருந்து பிற மொழிகளுக்கும் போகிறது. சொல் விளையாட்டு இருந்தால் அடிக்குறிப்பு எழுதுகிறார்கள். 2020 ஜூனில், அமெரிக்காவில் நிறவெறிக்கு எதிரான இயக்கத்துக்கு இந்தக் குழுவும் அதன் நிறுவனமும் 10 லட்சம் டாலர் கொடுத்த செய்தி வந்தது. உலகெங்கும் உள்ள ரசிகர்கள் ஏறத்தாழ ஒரே நாளில் அதே அளவு தொகையைத் திரட்டிக் கொடுத்தார்கள். ஒரு மாவட்டத்தில் நன்கொடை திரட்டிப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஒருங்கிணைப்பு என்று தெரியும்.

அதே ஒருங்கிணைப்பு அன்றாடம் வேறொரு காரியத்துக்குப் பயன்படுகிறது. நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது அதைத்தான்.

அந்த மாணவி ஒரு நாள் வகுப்பில் தூங்கிவிழுந்தாள். புதுப் பாட்டு வந்திருந்தது. இரவு முழுவதும் 'ஓட்டினேன்' என்றாள். கேட்டேன் என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ஓட்டுவதற்கு விதிமுறைகள் உண்டு. ரசிகர்கள் தங்களுக்குள் அவற்றை எழுதிப் பரப்புகிறார்கள்: ஒரே பாட்டைத் தொடர்ந்து சுழலவிடாதே, இடையில் வேறு காணொளிகளைப் போடு, ஒலியை முற்றிலும் அடைக்காதே, பாட்டை முழுதாக ஓடவிடு. இயந்திரம் செய்கிறதோ என்று யூடியூப் சந்தேகப்பட்டு எண்ணிக்கையிலிருந்து கழித்துவிடக் கூடாது என்பதற்காக இத்தனை எச்சரிக்கை.

அந்தச் சந்தேகத்துக்கு வரலாறு உண்டு. முன்பு யூடியூபில் ஒரு காணொளியின் பார்வை எண்ணிக்கை 301 வந்ததும் சில மணி நேரம் அப்படியே நின்றுவிடும். பார்த்தவர்கள் மனிதர்கள்தானா என்று சரிபார்த்த பிறகே எண் நகரும். 2015இல் இந்த நிறுத்தத்தை எடுத்துவிட்டார்கள். சரிபார்ப்பு பின்னணியில் தொடர்கிறது. ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. எண்ணும் விதி தெரிந்ததும் அதற்கேற்பக் கேட்கும் முறை மாறுகிறது. மதிப்பெண்ணுக்கான விதி மாறினால் படிக்கும் முறை எப்படி மாறும் என்று பார்த்துப் பழகிய நமக்கு இதில் வியப்பு இருக்காது.

எண்ணிக்கை ஏன் இவ்வளவு பெரிதாயிற்று? 2020 ஆகஸ்ட் 21 அன்று வெளியான பி.டி.எஸ். குழுவின் 'டைனமைட்' காணொளி 24 மணி நேரத்தில் 10.11 கோடி முறை பார்க்கப்பட்டது. அந்தப் பாட்டு அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. அங்கே பட்டியல் போடும்போது விற்பனை, வானொலி ஒலிபரப்பு ஆகியவற்றோடு இணையத்தில் கேட்ட எண்ணிக்கையும் சேர்கிறது. இரண்டு மாதம் கழித்து, அக்டோபரில், குழுவின் நிறுவனம் கொரியப் பங்குச் சந்தையில் நுழைந்தது. ரசிகர்கள் எண்ணிக்கையைக் கூட்டினால் பட்டியலில் இடம் உயரும். இடம் உயர்ந்தால் குழுவுக்குப் பெருமை, நிறுவனத்துக்கு மதிப்பு. நம் மாணவி தூக்கத்தை விட்டு ஓட்டிய இரவும் இந்தக் கணக்கில் எங்கோ ஒரு புள்ளியாக இருக்கிறது. தன்னுடைய அண்ணன்களுக்கு உதவுவதாக அவள் நினைக்கிறாள். அது பொய்யும் அல்ல. ஆனால் கணக்கின் மறுபக்கத்தை யாரும் அவளுக்குக் காட்டியதில்லை.

இது கொரியாவோடு நிற்கும் விஷயமும் அல்ல. 2011 நவம்பரில் 'கொலவெறி' யூடியூபில் பரவியதிலிருந்து நம் ஊரிலும் பாட்டைப் பற்றிய பேச்சு எண்ணைப் பற்றிய பேச்சாக மாறத் தொடங்கிவிட்டது. 'மாரி 2' படத்தின் 'ரவுடி பேபி' 2020 நவம்பரில் 100 கோடி பார்வையைத் தொட்டபோது அது தனிச்செய்தியாயிற்று. பாட்டு எப்படி என்று கேட்டால் "எத்தனை மில்லியன்" என்று பதில் சொல்லும் பையன்கள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். 2019 ஜூலையில் பாட்ஷாவின் 'பாகல்' என்ற இந்திப் பாட்டு ஒரே நாளில் 7.5 கோடிப் பார்வை என்று அறிவிக்கப்பட்டது. விளம்பரமாகப் பணம் கொடுத்துக் காட்டியதும் அதில் சேர்ந்திருந்தது. யூடியூப் அதைச் சாதனையாக ஏற்கவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரிலேயே, விளம்பரத்தால் வந்த பார்வைகள் 24 மணி நேரச் சாதனைக் கணக்கில் சேராது என்று விதியை மாற்றிக்கொண்டது.

சீனாவில் நடந்தது இன்னும் கசப்பானது. பாடகர் குழுவுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் 'யூத் வித் யூ' என்ற நிகழ்ச்சியில், ஆதரவு நிறுவனத்தின் பால் பாட்டில் மூடிக்குள் இருந்த குறியீட்டை ஸ்கேன் செய்தால் கூடுதல் வாக்குப் போடலாம். 2021 மே மாதத்தில், ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து பாட்டில்களைத் திறந்து, மூடியை எடுத்துக்கொண்டு, பாலைச் சாக்கடையில் கொட்டும் காணொளி வெளிவந்தது. நிகழ்ச்சியின் இறுதிச் சுற்று நிறுத்தப்பட்டது. ஆகஸ்டில் நட்சத்திரங்களைத் தரவரிசைப்படுத்தும் பட்டியல்களுக்கே அந்நாட்டு அரசு தடை போட்டது. தடை சரியா என்பது வேறு விவாதம். அந்தக் காணொளியை என் வகுப்பில் விவரித்தபோது பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். பிறகு ஒருத்தி மெல்ல, "ஆல்பத்துலயும் அப்படித்தான் டீச்சர்" என்றாள்.

அவள் சொன்னது போட்டோகார்டைப் பற்றி. கொரிய ஆல்பம் ஒவ்வொன்றுக்குள்ளும் உறுப்பினர்களில் யாரோ ஒருவரின் படம் இருக்கும். யாருடையது என்பது பிரித்தால்தான் தெரியும். விரும்பியவரின் படம் வேண்டுமானால் இன்னொன்று வாங்க வேண்டும். பபிள்கம் பாக்கெட்டுக்குள் கிரிக்கெட் வீரர் படம் தேடிய தலைமுறை நாம், ஆகவே இந்தத் தந்திரம் நமக்குப் புதிதில்லை. நமக்கு அது எட்டணாவோடு முடிந்தது. நம் பிள்ளைகளால் ஆல்பம் வாங்க முடியாது. ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் அச்சடித்த நகல்களோடு நின்றுவிடுகிறார்கள். ஆனாலும் 'மொத்தமாக ஆர்டர் போடுகிறோம், பங்கு அனுப்பு' என்ற ஓர் அழைப்பை நம்பி, அக்காவின் கணக்கிலிருந்து 600 ரூபாய் அனுப்பி ஏமாந்த மாணவி எங்கள் பள்ளியில் இருக்கிறாள். வீட்டில் சொல்லப் பயந்து மூன்று வாரம் மறைத்திருக்கிறாள். இணையப் பண மோசடிக்கு உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் என்னைப் போல் இரண்டு மூன்று ஆசிரியர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை. ரசிகை என்று சொல்லிப் பழகும் ஆள் உண்மையில் யார் என்ற கேள்வி இதைவிடக் கவலைக்குரியது. போட்டோ கேட்டாலோ நேரில் வரச்சொன்னாலோ யாரிடம் போய்ச் சொல்வது என்று பிள்ளைக்கு ஒரு பெயர் மனதில் இருக்க வேண்டும். போனைப் பிடுங்கியவரின் பெயர் அங்கே வராது. 1098 குழந்தைகள் உதவி எண்ணையும் நோட்டின் அதே கடைசிப் பக்கத்தில் எழுதிவைக்கச் சொன்னேன்.

இந்த ஆர்வத்தைப் பாடத்துக்குள் கொண்டுவருவது சிரமமில்லை. கொரியனும் தமிழும் ஒரே மொழி, அங்கேயும் அப்பா, அம்மா என்றுதான் சொல்கிறார்கள் என்று பிள்ளைகள் உறுதியாக நம்புகிறார்கள். சிரித்து ஒதுக்க வேண்டாம். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905இலேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு நூல் எழுதியிருக்கிறார். இரண்டிலும் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். பெயர்ச்சொல்லின் பின்னால் உருபு ஒட்டும். ஆனால் இவை துருக்கி, ஜப்பான் மொழிகளிலும் உண்டு. அம்மா, அப்பா போன்ற சொற்களோ குழந்தையின் உதடு முதலில் எழுப்பும் ஒலிகளால் ஆனவை. உறவில்லாத மொழிகளிலும் ஒத்திருக்கும். அதனால் மொழியியலாளர்கள் இந்த உறவை ஏற்பதில்லை. ஒற்றுமை வேறு, உறவு வேறு என்பதை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

மூன்று நாளில் எழுத்தைக் கற்றுக்கொண்டதற்கும் காரணம் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் செஜோங் என்ற அரசர் எளிய மக்களுக்காக உருவாக்கிய எழுத்து அது. இன்றைய அடிப்படை எழுத்துகள் 24 மட்டுமே. மெய்யும் உயிரும் ஒரே கட்டத்துக்குள் சேரும்போது நம் உயிர்மெய் நினைவுக்கு வரும். ஒலி பிறக்கும்போது நாக்கும் உதடும் இருக்கும் நிலையையே மெய்யெழுத்துகளின் வடிவமாக அமைத்திருக்கிறார்கள். எங்கள் தமிழாசிரியர் இதைக் கேட்டதும் தொல்காப்பியப் பிறப்பியலை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார். எந்த ஒலிக்கு நா எங்கே தொடும் என்று பிள்ளைகள் கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் கணக்கு ஆசிரியை. எனக்குக் கிடைத்தது எண்கள். ஒரு பாட்டு மூன்றே முக்கால் நிமிடம் என்று வைத்துக்கொண்டால், இரவு எட்டு மணி நேரத்தில் எத்தனை முறை ஓடும்? 128. 'ரவுடி பேபி' பெற்ற 100 கோடியை, 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகையான 7.21 கோடியால் வகுத்தால் என்ன வரும்? ஆளுக்கு ஏறத்தாழ 14. அப்படியானால் கைக்குழந்தையும் பார்த்ததா என்று ஒருவன் கேட்டான். வெளிநாட்டுக்காரர்களும் பார்த்திருப்பார்கள் என்றான் இன்னொருவன். ஒருவரே நூறு முறை பார்த்திருந்தால் என்றாள் மற்றொருத்தி. பிறகு 'டைனமைட்' கணக்கு. 10.11 கோடிப் பார்வை. ஆளுக்கு ஒரு முறை என்றால் 10.11 கோடிப் பேர், ஆளுக்குப் பத்து முறை என்றால் 1.011 கோடிப் பேர், ஆளுக்கு 128 முறை என்றால் 8 லட்சத்துக்கும் குறைவு. மூன்றையும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன்.

நோட்டின் சொந்தக்காரி நீண்ட நேரம் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நாங்க எத்தனை பேர்னு அவங்களுக்கே தெரியாதா டீச்சர்?" என்றாள். நிறுவனத்துக்கு ஓரளவு தெரியும், நமக்குச் சொல்ல மாட்டார்கள் என்றேன். அன்று மாலை போகும்போது, இம்பால் தோழிக்கு இந்தக் கணக்கை அனுப்பப் போவதாகவும், 'ஏறத்தாழ' என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல் என்றும் கேட்டுவிட்டுப் போனாள்.